குறைமாதக் குழந்தைகளைக் காத்த வரலாறு

பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று தாயைப் போற்றுவது நம் வழக்கு. 28 நாள் கொண்ட திங்கள் பத்து என்று கொண்டால் 280 நாள் ஆகிறது. மருத்துவர் சொல்லும் 40 வாரக் கணக்கும் அதுவே. இந்தக் கணக்கு நிறைவதற்கு முன்னரே உலகிற்கு வந்துவிடும் குழந்தைகளும் உண்டு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள் என்றும், எந்த வாரத்தில் பிறந்தாலும் 2500 கிராமுக்குக் குறைந்த எடையுடையவை எடை குறைந்த குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பிறந்த பத்துக் குழந்தைகளில் ஒன்று என்ற விகிதம் அது.

இத்தகைய குழந்தைக்கு மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, சூடு. தோலுக்கு அடியில் கொழுப்புச் சேருவதற்கு முன்பே அது பிறந்துவிடுகிறது. ஆதலின், உடலின் வெப்பத்தைக் காத்துக்கொள்ள அதற்கு இயலாது. இரண்டாவது, உணவு. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் திறம் ஏறத்தாழ 34-ஆம் வாரத்தில்தான் கைகூடுகிறது. மூன்றாவது, மூச்சு. நுரையீரலின் சிற்றறைகள் விரிந்தபடி நிற்பதற்கு வேண்டிய வழவழப்பான பொருள் அதற்குள் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. சூடு, உணவு, மூச்சு ஆகிய இம்மூன்றையும் வெளியிலிருந்து கொடுப்பதே இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம் அழைக்கும் இடத்தின் வேலை.

இந்த வேலையை மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதைச் சொல்ல விழைகிறேன். விஞ்ஞான வரலாறு என்றால் வெற்றிமேல் வெற்றியாக அடுக்கிக்கொண்டு போவதுதான் என்று மாணவர்களில் பலர் எண்ணுகிறீர்கள். இந்த வரலாறு அப்படிப்பட்டதன்று. நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தால் குழந்தைகள் கண்ணிழந்த கதையும் இதில் உண்டு. அந்தப் பிழையைத் திருத்தப் போய் வேறு குழந்தைகள் உயிரிழந்த கதையும் உண்டு. இரக்கம் மிக நல்லது. ஆனால், தான் செய்வது நன்மைதானா என்று அளந்து பார்க்கும் பணிவு அந்த இரக்கத்திற்குத் துணையாக வேண்டும். நான் சொல்லப்போகும் செய்திகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

முதலில் பாரிஸ் நகருக்குச் செல்வோம். அங்கே ஏழைத் தாய்மார்கள் பிள்ளை பெறும் பெரிய மருத்துவமனையில் ஸ்டெஃபான் தார்னியே என்ற பேறுகால மருத்துவர் பணியாற்றி வந்தார். பிரான்சு நாடு 1870-71-ஆம் ஆண்டுப் போரில் ஜெர்மானியரிடம் தோற்றிருந்த காலம் அது. பிறப்பு விகிதமும் குறைந்துகொண்டு வந்தது. நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அரசின் கவலைக்கு உரியதாயிற்று. அந்நாளில் தார்னியே நகரத்தின் உயிரினப் பூங்காவிற்குச் சென்றபோது, கோழி முட்டைகளை வெப்பமூட்டிப் பொரிக்கச் செய்யும் பெட்டி ஒன்றைக் கண்டார். முட்டைக்குப் பயன்படுவது குழந்தைக்கு ஏன் பயன்படலாகாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்பூங்காவைச் சேர்ந்த ஒதீல் மார்த்தேன் என்பவரைக் கொண்டே அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்வித்து, 1880-ஆம் ஆண்டையொட்டித் தம் மருத்துவமனையில் வைத்தார். இரட்டைச் சுவர் கொண்ட மரப்பெட்டி அது. கீழ்த்தட்டில் வெந்நீர்த் தொட்டி, மேல்தட்டில் குழந்தைகள், பார்ப்பதற்குக் கண்ணாடி மூடி. அவ்வளவே. கோழி அடைகாப்பதைப் பார்த்து மனிதன் கற்ற பாடம் ஆதலின், இன்று இன்குபேட்டர் என்று நாம் சொல்லும் கருவியை அடைகாப்புப் பெட்டி என்றே நானும் குறிப்பிடுகிறேன்.

பயன் என்ன? தார்னியேயின் உதவி மருத்துவரான ஒவார் 1883-ஆம் ஆண்டில் கணக்கை வெளியிட்டார். 2000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளில் முன்பு நூற்றுக்கு 66 மாண்டன. பெட்டி வந்தபின் நூற்றுக்கு 38 மாண்டன. இக்கணக்கு, முன் ஆண்டுகளோடு பின் ஆண்டுகளை ஒப்பிட்டதே ஆகும். இடையில் வேறு எவை மாறினவோ அவற்றின் பங்கும் அதில் கலந்திருக்கக்கூடும். ஆயினும், ஒரு கருவியைச் செய்ததோடு நில்லாமல், அதனால் பிழைத்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிய அந்தப் பழக்கம், பெட்டியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன்.

தார்னியேயின் மாணவர் பியேர் புதேன். 1893-ஆம் ஆண்டில் அதே மருத்துவமனையில் வலுவற்ற குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தோன்றிற்று. 1895-ஆம் ஆண்டில் அதன் பொறுப்பைப் புதேன் ஏற்றார். சூடு, உணவு, தொற்றுநோய் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, 1900-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விரிவுரைகள் இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாக விளங்குகின்றன. அவர் கண்ட உண்மைகளுள் ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் குழந்தையை வைத்துத் தாயை வீட்டிற்கு அனுப்பிவிட்டால், நாளடைவில் அவளுக்குக் குழந்தையின்மேல் உள்ள பற்றுத் தளர்ந்துவிடுகிறது, பாலும் வற்றிவிடுகிறது, குழந்தை பிழைத்தாலும் அதனை ஏற்க வருவார் இல்லாமற் போவதுண்டு. ஆதலின், தாய் அருகில் இருந்து பால் தரவேண்டும் என்றும், கண்ணாடி வழியாகத் தன் குழந்தையை அவள் பார்க்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். சின்னஞ்சிறு குழந்தை உறிஞ்சுகிற வரையில் பால் வற்றாதிருக்கும்பொருட்டு, நன்கு வளர்ந்த வேறொரு குழந்தைக்கும் அத்தாயைப் பாலூட்டச் செய்தார். அவர் 1907-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் சொன்ன சூட்டையும் உணவையும் உலகம் ஏற்றுக்கொண்டது. தாயை மட்டும் வெகுகாலம் மறந்துவிட்டது.

மறதிக்கு வழி திறந்தது ஒரு வியத்தகு நிகழ்ச்சி. அடைகாப்புப் பெட்டிகள் மருத்துவமனையை விட்டுப் பொருட்காட்சிக்குச் சென்றன. 1896-ஆம் ஆண்டில் பெர்லின் பொருட்காட்சியில் உயிருள்ள குறைமாதக் குழந்தைகளையே பெட்டிகளில் வைத்து, கட்டணம் பெற்று மக்களுக்குக் காட்டினார்கள். மறு ஆண்டு இலண்டனிலும், 1898-இல் அமெரிக்காவின் ஒமஹா நகரிலும் இக்காட்சி நடந்தது. இவற்றில் பெயர் பெற்றவர் மார்ட்டின் கூனி என்பவர். அவர் முறையாக மருத்துவம் பயின்றவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும், நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த கோனித் தீவில், ராட்டினங்களுக்கும் விளையாட்டுக் கூடங்களுக்கும் நடுவே, 1903 முதல் 1943 வரை ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் அவர் இக்காட்சியை நடத்தினார். உள்ளே நுழைய 25 சென்ட் கட்டணம். ஆனால், பெற்றோரிடம் ஒரு காசும் பெறுவதில்லை. பார்வையாளர் தந்த பணத்தில் தேர்ந்த செவிலியரையும் பாலூட்டும் தாதியரையும் அமர்த்திக் குழந்தைகளைத் தூய்மையாகக் காத்தார்.

குழந்தைகளைக் காட்சிப் பொருளாக்குவதா என்று நாம் முகம் சுளிக்கிறோம், அக்காலத்திலும் சுளித்தார்கள். ஆனால், அன்று அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றில் இக்குழந்தைகளுக்கென்று இடமே இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனை கைவிட்ட குழந்தையைப் பொருட்காட்சி ஏற்றுக்கொண்டது. தம்மிடம் வந்த ஏறத்தாழ 8000 குழந்தைகளில் 6500 பேரைக் காப்பாற்றியதாகக் கூனி சொல்லிக்கொண்டார். இது அவரே சொன்ன கணக்கு. பிறர் சரிபார்த்த கணக்கு அன்று. சிக்காகோ நகரில் ஜூலியஸ் ஹெஸ் என்ற குழந்தை மருத்துவர் 1922-ஆம் ஆண்டில் மருத்துவமனையிலேயே குறைமாதக் குழந்தைகளுக்கான தனி நிலையத்தை அமைத்தார். பின்னர் மெல்ல மெல்லப் பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால், தொற்றுநோய்க்கு அஞ்சி, அந்நிலையங்களில் கதவு இறுக மூடப்பட்டது. உள்ளே முகமூடி அணிந்த செவிலியர். வெளியே, கண்ணாடிக்கு அப்பால், பெற்ற தாய்.

இனி, இவ்வரலாற்றின் துயரமான பகுதிக்கு வருகிறேன். 1940-க்குப் பின் அடைகாப்புப் பெட்டிகள் காற்றுப் புகாத நேர்த்தியோடு செய்யப்பட்டன. அவற்றுள் பிராணவாயுவைத் தாராளமாகச் செலுத்த முடிந்தது. நீலம் பாரித்த குழந்தை பிராணவாயு பட்டவுடன் சிவந்து வருவதைக் கண்ட மருத்துவர், சிறிதளவு நல்லதாயின் பேரளவு மேலும் நல்லது என்று எண்ணினார்கள். நாட்கணக்காக, வாரக்கணக்காக, அதனைச் செலுத்தினார்கள். அதே சமயத்தில், 1942-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் டெர்ரி புதியதொரு நோயை அறிவித்தார். குறைமாதத்தில் பிறந்து, அரும்பாடுபட்டுக் காப்பாற்றப்பட்ட குழந்தைகளின் விழிகளில், மணிக்குப் பின்னால் வெண்மையான திரை படர்ந்து பார்வை அற்றுப்போயிருந்தது. 1953-ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு கண்ணிழந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி யாதெனில், வசதி மிகுந்த நாடுகளிலும் சிறந்த நிலையங்களிலுமே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்பதுதான்.

காரணம் தெரியாமல் மருத்துவ உலகம் தவித்தது. ஒளியா, உணவா, வைட்டமின் குறைவா என்று எத்தனையோ பொருள்கள்மேல் ஐயம் எழுந்தது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற இளம் மருத்துவரும் அவர் நண்பர்களும், ஏ.சி.டி.எச். என்ற புதிய மருந்தை, கண்ணில் நோய் அரும்பிய 31 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 25 குழந்தைகள் நல்ல கண்களோடு வீடு சென்றன. அதே நகரத்தில் வேறொரு மருத்துவமனையில், இம்மருந்து பெறாத 7 குழந்தைகளில் 6 குழந்தைகள் பார்வை இழந்தன. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? வேண்டும் என்று கருதினார்கள். திருவுளச்சீட்டுப் போடுவதைப்போல, இன்ன குழந்தைக்கு மருந்து உண்டு, இன்ன குழந்தைக்கு இல்லை என்று தற்செயலாகப் பிரித்து மீண்டும் சோதித்தார்கள். முடிவு தலைகீழாக வந்தது. மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கண்ணிழந்தனர். பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். மருந்து பெற்றவர்களில் இறந்தவர் தொகையும் மிகுதி.

இது எவ்வாறு நேர்ந்தது? அரும்பு நிலையில் உள்ள இந்நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே ஆறிவிடுகிறது. முதலில் நலம் பெற்ற 25 பேரும் மருந்து இல்லாமலே நலம் பெற்றிருக்கக்கூடியவர்கள். நோய் தானாகத் தணிந்ததை மருந்து தணித்ததாக மருத்துவர் மயங்கினார்கள். சீட்டுப் போட்டுப் பிரிக்கும் அந்த எளிய உத்தி இல்லையாயின், தீங்கு செய்யும் மருந்து ஒன்று நல்ல மருந்தாக உலகெங்கும் பரவியிருக்கும்.

பிராணவாயுவே காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை 1951-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் காம்ப்பெல் அம்மையார் எழுதி வெளியிட்டார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்பவர் சில குழந்தைகளுக்கு மிகுதியாகவும் சில குழந்தைகளுக்குக் குறைவாகவும் பிராணவாயு கொடுத்துப் பார்த்தார். அப்போது நடந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. குறைவாகப் பெறும் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத செவிலியர் சிலர், இரவு வேளையில் யாரும் அறியாமல் பிராணவாயுக் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அவர்களைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. தாயுள்ளத்தோடுதான் அவ்வாறு செய்தார்கள். ஆனால், அவர்கள் திறந்த குழாய் குழந்தையின் கண்ணை மூடும் குழாய் என்பதை அவர்கள் அறியவில்லை.

1953-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் ஒன்றுகூடி, 1500 கிராமும் அதற்குக் குறைவும் எடையுள்ள 786 குழந்தைகளைக் கொண்டு பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கின. வழக்கம்போல மிகுதியான பிராணவாயு பெற்றவர்களிடையே கண்ணில் நிலையான கேடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு நேர்ந்தது. தேவைக்கு மட்டும் பெற்றவர்களிடையே அது மிகவும் குறைந்தது. இலண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளிடம் செய்த ஆராய்ச்சி காரணத்தையும் விளக்கிற்று. பிராணவாயு மிகும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சுருங்கி வளர்ச்சி நின்றுவிடுகின்றன. பின்னர் குழந்தை வெறுங்காற்றுக்கு வந்ததும், அவை முறைகெட்டுப் பெருகி, இறுதியில் திரையையே இழுத்துக் கிழித்துவிடுகின்றன. 1954-ஆம் ஆண்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. பிராணவாயுவின் அளவு எங்கும் குறைக்கப்பட்டது. கண்ணிழப்பும் விரைவில் குறைந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். முடியவில்லை. அந்தப் பெரிய சோதனையில் குழந்தைகளைச் சேர்த்தது பிறந்து 48 மணி நேரம் கழிந்த பின்னரே. மூச்சுக்காகப் போராடும் குழந்தைகள் மிகுதியாக இறப்பதோ முதல் இரண்டு நாட்களில். அந்த இரண்டு நாட்களில் பிராணவாயுவைக் குறைத்தால் என்ன நேரும் என்பதை அச்சோதனை கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணி, பிறந்த கணம் முதற்கொண்டே எல்லாக் குழந்தைகளுக்கும் பிராணவாயுவைக் கட்டுப்படுத்தினார்கள். 1973-ஆம் ஆண்டில் கிராஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஒரு குழந்தையின் கண்ணைக் காத்ததற்கு ஈடாக ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார். மதிப்பீடுதான், ஆயினும், படிப்போரை நடுங்கச் செய்யும் மதிப்பீடு. கண்ணுக்கும் உயிருக்கும் இடையே உள்ள அந்தத் துலாக்கோல் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கச் சோதனை ஒன்றில், இரத்தத்தில் பிராணவாயுச் செறிவை நூற்றுக்கு 85 முதல் 89 வரை வைத்திருந்த குழந்தைகளிடையே கண்நோய் குறைவாகவும் மரணம் மிகுதியாகவும் காணப்பட்டன. 91 முதல் 95 வரை வைத்திருந்தவர்களிடையே இதற்கு மாறாகக் காணப்பட்டது.

சூட்டைப் பற்றியும் இவ்வாறே ஒரு பாடம் உண்டு. சூடு வேண்டும் என்று தார்னியே காலத்திலேயே தெரியும். ஆனால், எவ்வளவு சூடு? இருபதாம் நூற்றாண்டின் நடுவில், பெட்டி சற்றுக் குளிர்ந்திருந்தாலும் தீங்கில்லை என்ற கருத்து நிலவிற்று. 1958-ஆம் ஆண்டில் சில்வர்மனும் அவர் தோழர்களும் சில பெட்டிகளை 28.9 டிகிரியிலும் சிலவற்றை 31.7 டிகிரியிலும் வைத்துச் சோதித்தார்கள். மூன்று டிகிரிக்கும் குறைந்த வேறுபாடு. ஆனால், வெதுவெதுப்பான பெட்டிகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். கண்ணுக்குத் தோன்றாத ஒரு வேறுபாடு எத்தனை உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தார்கள்.

மூன்றாவது குறையாகிய மூச்சு மிகக் கடினமானது. 1959-ஆம் ஆண்டில் மேரி எல்லன் ஏவரி அம்மையாரும் ஜியர் மீட் என்பவரும், நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் இக்குழந்தைகளிடம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால், நோயை அறிந்ததற்கும் அதனைத் தீர்ப்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு 34 வாரத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். உலகின் மிகப் பெரிய அதிகாரம் அந்தத் தந்தையின் கையில் இருந்தது. ஆனால், 39 மணி நேரத்திற்கு மேல் அந்த மூச்சை அவரால் நிறுத்தி வைக்க இயலவில்லை. அதன்பின் 1971-இல் கிரெகரி என்பவர், இடைவிடாத மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து நுரையீரலை விரிந்தபடி வைக்கும் முறையை அறிவித்தார். 1980-இல் ஜப்பானியராகிய ஃபுஜிவாரா, குறைவாக இருந்த அப்பொருளையே நுரையீரலுக்குள் செலுத்திக் குழந்தைகளைக் காப்பாற்றினார்.

இவற்றிற்கு இடையே, 1972-ஆம் ஆண்டில், நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ், ஹவி என்ற இருவர் வேறொரு வழியைக் காட்டினார்கள். குறைமாதத்தில் பேறு நேரும் என்று தெரிந்தவுடன் தாய்க்கே ஸ்டீராய்டு மருந்தை ஊசி மூலம் செலுத்தினால், கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது, இறப்பும் குறைகிறது. இதையும் சீட்டு முறையிலேயே சோதித்து மெய்ப்பித்தார்கள். ஆயினும், மருத்துவ உலகம் அதனைப் பரவலாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க நல்வாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு அதனை வற்புறுத்திய பின்னரே வழக்கத்திற்கு வந்தது. அளக்காமல் நம்பியது ஒரு பிழை. அளந்து காட்டிய பின்னும் நம்பாமல் இருந்தது மற்றொரு பிழை. இரண்டிற்கும் விலை கொடுத்தவை குழந்தைகளே.

இனி, மூடிய கதவுக்கு வெளியே நாம் விட்டுவந்த தாயைத் தேடிச் செல்வோம். அவள் மீண்டும் உள்ளே வந்தது செல்வம் கொழிக்கும் நாட்டில் அன்று. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், 1978-ஆம் ஆண்டில், எட்கார் ரே என்ற மருத்துவர் பெரும் இடர்ப்பாட்டில் இருந்தார். அடைகாப்புப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைத்ததால் தொற்றுநோய் பரவிற்று. தாயைப் பிரிந்த குழந்தைகள் கைவிடப்பட்டன. பெட்டி இல்லையாயின் தாயின் மார்பே பெட்டியாகட்டும் என்று அவர் துணிந்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப்போல, குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைத்து, தாய்ப்பாலே ஊட்டி, விரைவில் வீட்டிற்கு அனுப்பினார். மறு ஆண்டு ஹெக்தோர் மார்த்தீனெஸ் அவரோடு சேர்ந்தார். இதுவே கங்காரு முறை என்று பெயர் பெற்றது.

முறை அழகியது, கேட்டவுடன் உள்ளத்தைக் கவர்வது. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். வியக்கத்தக்க வெற்றி என்று முதலில் செய்திகள் பரவின. 1985-ஆம் ஆண்டில் அங்குச் சென்று பார்த்த ஆங்கில மருத்துவர் இருவர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். கங்காரு முறையில் சேர்க்கப்படுமளவும் உயிரோடிருந்த குழந்தைகளையே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்; அதற்கு முன்பே இறந்தவை கணக்கில் வரவில்லை என்றார்கள். நேயர்களே, 48 மணி நேரக் கதை உங்கள் நினைவுக்கு வருகிறதன்றோ? அதே பிழைதான். ஆனால், இம்முறை பொகோட்டா மருத்துவர்கள் சினங்கொள்ளவில்லை, அளக்கத் தொடங்கினார்கள். 1990-க்குப் பின் அவர்களே முறையான சோதனைகளை நடத்தி, கங்காரு முறை தீங்கற்றது, நன்மை தருவது என்று காட்டினார்கள்.

எனினும், ஒரு கேள்வி எஞ்சி நின்றது. நிலை சீரான பின்னரே குழந்தையைத் தாயிடம் தந்தார்கள். பிறந்தவுடனே, நோய் முற்றிய நிலையிலேயே தந்தால் என்ன ஆகும்? விடை காண, கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்தன. இந்தியாவின் சார்பில் பங்கு கொண்டது தில்லியிலுள்ள சப்தர்ஜங் மருத்துவமனை. 1000 கிராம் முதல் 1799 கிராம் வரை எடையுள்ள 3211 குழந்தைகளைச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவிற்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். தாயும் நோயாளி, சேயும் நோயாளி. இருவருக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை. 2021-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான முறையில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தனர். பிறந்தவுடன் தாயின் மார்பில் சேர்ந்தவர்களில் 12 பேரே இறந்தனர். நன்மை இத்துணைத் தெளிவாகத் தெரிந்தமையால், எல்லாருக்கும் அதனை அளிக்கும்பொருட்டுச் சோதனையைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இம்முறையைப் பரிந்துரைத்தது.

எண்ணிப் பாருங்கள். கோழியிடம் கற்ற சூட்டைப் பெட்டிக்குள் அடைத்து, அப்பெட்டியைக் காக்கக் கதவை அடைத்து, அக்கதவுக்கு வெளியே தாயை நிறுத்தினோம். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அவளை உள்ளே அழைத்திருக்கிறோம். பெட்டி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மூச்சுக் கருவியும் மருந்தும் அளவறிந்த பிராணவாயுவும் இல்லாமல் மிகச் சிறிய குழந்தைகள் பிழைக்கமாட்டா. அந்த மார்பின் சூடும் கருவியைப்போலவே சிகிச்சைதான் என்பதே இதன் பொருள். புதேன் உள்ளுணர்வால் கண்டதை 3211 குழந்தைகளின் கணக்கு நமக்கு உறுதிப்படுத்தியிருக்கிறது.

உங்களில் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், பலர் பெற்றோராவீர்கள். எத்துறையில் புகுந்தாலும், பிறருக்கு நன்மை செய்யும் ஆர்வம் உங்களிடம் மிகுந்திருக்கும். அந்த ஆர்வம் வாழ்க. ஆயினும், இரவில் பிராணவாயுக் குழாயைத் திறந்துவிட்ட அந்தச் செவிலியரையும், 25 குழந்தைகள் நலம் பெற்றதைக் கண்ட பின்னும் ஐயுற்று மீண்டும் சோதித்த அந்த மருத்துவரையும் ஒருங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இரக்கமுடையவர்களே. தம் இரக்கத்தின் விளைவை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர் ஒருவரே. தாயின் மார்போடு ஒட்டி உறங்கும் ஒரு கிலோ எடையுள்ள குழந்தை, இவ்விருவரில் யாரைப்போல நாம் ஆக வேண்டும் என்பதை நமக்குச் சொல்லாமல் சொல்லுகிறது.